விரியாத விரல்கள்: கடலூர்க் குடும்பம் ஒன்றில் டிஎம்பிகே மரபணு

இது ஒரு பித்தப்பை அறுவை சிகிச்சையில் தொடங்கிய கதை. அந்த நோயாளிக்கு 'அறுவைக்குத் தகுதியானவர்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். அதனால் என் பிழையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். குடும்பத்தின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் தடவை

2019 ஏப்ரல் கடைசி. மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்திருந்தது. கடலூர் கடற்கரைக் குப்பங்களில் தள்ளிப்போட்டு வைத்த ஆப்பரேஷன், காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பு எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். மஞ்சக்குப்பத்தில் உள்ள என் கிளினிக்குக்கு 34 வயதுக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். முன்பு ஃபைபர் படகில் கடலுக்குப் போனவர். இரண்டு வருடமாகப் போவதில்லை. முதுநகர் துறைமுகத்தில் ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பித்தப்பையில் கற்கள். லேப்ராஸ்கோப்பிக்குத் தேதி குறித்தாகிவிட்டது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் பொது மருத்துவரின் சான்று கேட்டிருந்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவர் தூங்கிவிட்டார். காலை பதினோரு மணி. எழுப்பி உள்ளே அழைத்தபோது முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. கேள்விக்கெல்லாம் மனைவிதான் பதில் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் காமா ஜிடி என்ற கல்லீரல் நொதி இயல்பைவிட மூன்று மடங்கு. "குடிப்பீங்களா?" என்று கேட்டேன். "இல்ல சார்" என்றார். நான் 'மது: மறுக்கிறார்' என்று எழுதினேன். எங்கள் தொழிலில் இது ஒரு மரியாதையான அவநம்பிக்கை. நோயாளி 'இல்லை' என்கிறார், நாங்கள் 'மறுக்கிறார்' என்று எழுதுகிறோம்.

ஈசிஜியில் பிஆர் இடைவெளி, அதாவது இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னோட்டம் போக ஆகும் நேரம், 220 மில்லி செகண்ட். 200-க்குள் இருக்க வேண்டும். இளவயது ஆண், உடலுழைப்பு செய்தவர், பெரிதாக ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. அன்று அதற்கு அர்த்தம் தெரியவில்லை. ஃபைலை என்னிடம் நீட்டினார். நான் பிடித்து இழுத்தேன், வரவில்லை. சில விநாடிகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். கொடுக்கத் தயங்குகிறார் என்று நினைத்தேன். பிறகு ஃபைல் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அறுவை அரங்கில்

அன்று நான் அங்கே இல்லை. பிறகு காகிதங்களைப் பார்த்தும் மயக்கவியல் மருத்துவரிடம் பேசியும் தெரிந்துகொண்டது இது. மூச்சுக்குழாயில் டியூப் செருகத் தசைகளைத் தளர்த்த வேண்டும். அதற்கு சக்சினைல்கோலின் ஊசி போட்டார்கள். தளர வேண்டிய தாடை இறுகிக்கொண்டது. நெஞ்சும் விறைத்தது. முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளுவதே பாடாகிவிட்டது. ஒருவழியாகச் சமாளித்து டியூப் போட்டு, பித்தப்பையை எடுத்து, எல்லாம் முடிந்து விழித்தும் விட்டார். டியூபையும் எடுத்தார்கள். வலிக்காக ஓபியாய்டு வகை ஊசி ஒன்று போடப்பட்டது. அரை மணி நேரத்தில் கண் செருகி, மூச்சு மெதுவாகி, ஆக்சிஜன் அளவு 76-க்கு இறங்கியது. மறுபடி டியூப், மறுபடி வென்டிலேட்டர். வெளியே வர நான்கு நாள் ஆனது.

சொந்தக்காரர்கள் மருத்துவமனை வாசலில் சத்தம் போட்டார்கள். 'மயக்க மருந்தை அதிகமாகக் கொடுத்துட்டாங்க' என்பது அவர்கள் முடிவு. கொடுத்த அளவு சரியான அளவுதான், அதை நான் சரிபார்த்தேன். அந்த அளவைத் தாங்கும் உடம்பு அது இல்லை என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவன் நான். வாசலில் திட்டு வாங்கியதோ மயக்கவியல் மருத்துவர்.

கைகுலுக்காத ஊரில்

இரண்டு வாரம் கழித்து அவரை மறுபடி வரச் சொன்னேன். இந்தத் தடவை ஆளை உட்காரவைத்து ஒழுங்காகப் பார்த்தேன். நெற்றிப் பக்கம் முடி கொட்டியிருந்தது. கன்னப்பொறி குழிந்து, முகம் நீண்டு ஒடுங்கியிருந்தது. இமைகள் பாதி இறங்கியிருந்தன. கழுத்தின் இரு பக்கமும் கயிறு போலத் தெரிய வேண்டிய தசைகள் கிட்டத்தட்டக் காணோம். படுத்த நிலையில் தலையைத் தூக்கச் சொன்னால் முடியவில்லை. தொடையில் பலம் இருந்தது, தரையில் உட்கார்ந்து எழுந்துவிட்டார். ஆனால் முன்பாதத்தைத் தூக்க முடியவில்லை. பெரும்பாலான தசைநோய்களில் இடுப்பும் தோளும் முதலில் போகும். இவருக்கு முகம், கழுத்து, விரல், கணுக்கால் என்று போயிருந்தது. மனைவி அப்போதுதான் சொன்னார்: "மணல்ல நடந்தா செருப்பு தானா கழண்டுக்கும் சார். சோம்பேறித்தனம்னு திட்டுவேன்."

என் இரண்டு விரல்களை நீட்டி, "இறுக்கிப் பிடிங்க" என்றேன். பிடித்தார். "விடுங்க." விடவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன, கட்டைவிரல் கடைசியாக. கடிகாரம் பார்த்தேன், 11 விநாடி. திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னேன். ஐந்தாவது தடவை 3 விநாடியில் விட்டார். பிறகு கட்டைவிரலின் அடிமேட்டைச் சுத்தியலால் தட்டினேன். கட்டைவிரல் உள்ளே மடங்கி, யோசித்துக்கொண்டு திரும்புவது போல மெல்லத் திரும்பியது.

சுருங்கிய தசை தளரத் தாமதிப்பதற்கு மயோட்டோனியா என்று பெயர். மேலே சொன்ன மற்றவற்றோடு அதையும் சேர்த்தால் மயோட்டோனிக் டிஸ்ட்ரோபி முதல் வகை. ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் ஸ்டைனர்ட் 1909-ல் விவரித்த நோய். பரிசோதனை அறையில் மூன்று நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம், அந்த மூன்று நிமிடத்தை ஒதுக்கினால்.

பாடநூல்களில் இந்த நோய்க்கு ஒரு புகழ்பெற்ற குறிப்பு உண்டு: நோயாளியோடு கைகுலுக்கு, கை திரும்பி வரவில்லை என்றால் நோய் தெரிந்துவிடும் என்று. நல்ல குறிப்புதான். ஆனால் நாம் கும்பிடுகிற ஊர். கும்பிட்ட கை யாரையும் பிடிப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. ஒரு மீனவப் பெண்ணிடம் டாக்டர் கையை நீட்டினால் அவர் என்ன நினைப்பார்? ஆகவே நம் ஊரில் இந்த அறிகுறி வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது. பஸ் கண்டக்டரிடம் சில்லறையை நீட்டிவிட்டு விடாத கை. குடத்தை இறக்கி வைத்த பிறகும் கழுத்தைச் சுற்றியே இருக்கும் விரல்கள். இவருடைய விஷயத்தில் வீச்சு வலை. வலையை வீசும்போது கை விரிய வேண்டிய ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணம் தப்பினால் வலை வட்டமாக விரியாமல் கட்டையாகப் போய் விழும், சில சமயம் ஆளையும் சேர்த்து இழுக்கும். 28 வயதிலேயே அவருக்கு அது தப்ப ஆரம்பித்திருக்கிறது. கூட்டாளிகள் கேலி செய்திருக்கிறார்கள். "மொதல் நாலு வீச்சுதான் சார் சொதப்பும். அப்புறம் கை பழகிடும்" என்றார். பாடநூலில் இதற்கு ஒரு தனிப் பெயரே உண்டு, செய்யச் செய்ய மயோட்டோனியா இளகுவது. அவர் ஆறு வருடமாக அந்த அறிகுறியைத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை.

நரம்பியல் துறைக்குக் கோரிமேடு ஜிப்மருக்கு அனுப்பினேன். தசையில் ஊசி செருகிச் செய்யும் இஎம்ஜியில் மயோட்டோனியா ஒலியாகக் கேட்கும், ஏறி இறங்கி விமானம் பாய்வது போல. அது கேட்டது. பிளவு விளக்கில் பார்த்தபோது கண் லென்ஸில் பல நிறத்தில் மினுக்கும் துகள்கள், இந்த நோயில் இளவயதிலேயே வரும் கண்புரையின் தொடக்கம். காமா ஜிடி உயர்வும் இந்த நோயின் பகுதிதான், பித்தப்பைக் கற்களும் இதில் அதிகம். பகல் தூக்கமும் அப்படியே. ஆறு வருடமாகக் குழந்தை இல்லை என்று மனைவிக்கு மட்டும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவருடைய விந்துப் பரிசோதனையை ஒருவரும் கேட்கவில்லை. விரைச் சுருக்கமும் இந்த நோயில் வருவதுதான்.

ஆமாம், அவர் குடிப்பதில்லை.

புயலும் சுனாமியும் வைத்துக் கணக்கு

அடுத்த முறை அம்மாவையும் தங்கையையும் கூட்டிவரச் சொன்னேன். கடலோரக் குடும்பங்களில் தேதி கேட்டால் கிடைக்காது. எந்த வருடத்துப் பேரிடருக்கு முன்னால், பின்னால் என்று கேட்டால் மாதத்தோடு சொல்வார்கள்.

அம்மாவுக்கு அப்போது 55 வயது. சுனாமிக்கு அடுத்த வருடம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருக்கிறார்கள். அதாவது 41 வயதில். சர்க்கரை இல்லை, அடிபடவில்லை, ஸ்டீராய்டு எடுக்கவில்லை. 'ஏன் இவ்வளவு சின்ன வயசுல?' என்று யாரும் கேட்கவில்லை. "எங்க அம்மாவுக்கும் கண்ணுல பூ விழுந்துச்சு அய்யா. ஆனா அது கெழவியான பொறவு" என்றார். கையைப் பிடித்துப் பார்த்தேன். 2 விநாடித் தாமதம், தேடினால்தான் தெரியும்.

தங்கைக்கு 31. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. முதல் குழந்தை பெண், பத்து வயது. இரண்டாவது பிரசவம் தானே புயலுக்கு அடுத்த மாதம், 2012 ஜனவரி. வயிற்றில் தண்ணீர் அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை அசைவது குறைவாக இருந்திருக்கிறது. பிறந்த பையன் துணி மாதிரி துவண்டு கிடந்தான். அழவில்லை, பால் குடிக்கவில்லை, மேலுதடு கூடாரம் போல் மடிந்திருந்தது, பாதங்கள் உள்ளே வளைந்திருந்தன. ஒன்பதாம் நாள் போய்விட்டான். மூச்சுத்திணறல் என்று காகிதத்தில் எழுதியிருந்தார்களாம். புயலில் ஓடு பறந்த வீட்டில் அந்தக் காகிதம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பிறவியிலேயே வரும் இந்த வடிவத்தில் குழந்தைக்கு மயோட்டோனியா இருக்காது. கையைத் தட்டினாலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் துவண்ட குழந்தையைப் பார்த்தால் தாயின் கையைப் பார் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த ஒன்பது நாளில் அவர் கையைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

பாட்டிக்கு முதுமையில் கண்புரை. அம்மாவுக்கு 41-ல். மகனுக்கு 28-ல் கை விடவில்லை. பேரன் பிறக்கும்போதே துவண்டிருந்தான். தலைமுறைக்குத் தலைமுறை நோய் முந்திக்கொண்டும் கடுமையாகியும் வருவதைப் பழைய மருத்துவர்கள் 1910-களிலேயே கவனித்திருந்தார்கள். 1948-ல் லயனல் பென்ரோஸ் என்ற பெரிய மரபியலாளர், இது நாம் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் விதத்தால் வரும் தோற்றமயக்கம் என்று வாதிட்டார். அவர் சொன்னதால் நாற்பது வருடம் அப்படியே நம்பினார்கள். குடும்பத்துக் கிழவிகள் சொன்னதுதான் சரி என்று 1992-ல் தெரிந்தது.

பெயரில் கைனேஸ்

மரபணுப் பரிசோதனை முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ரிப்போர்ட்டில் டிஎம்பிகே என்று இருந்தது. விரித்தால் 'டிஸ்ட்ரோபியா மயோட்டோனிகா புரோட்டீன் கைனேஸ்'. தங்கை கணவரின் தம்பி பொறியியல் படித்தவர். இரவெல்லாம் போனில் தேடிப் படித்துவிட்டு வந்திருந்தார். "கைனேஸ் என்கிறது என்சைம்தானே சார்? அது குறைஞ்சா அதையே ஊசியா போட முடியாதா? இல்ல, அதிகமா இருந்தா புற்றுநோய்க்குக் கொடுக்கிற கைனேஸ் தடுப்பு மாத்திரை இருக்கே, இமாடினிப் மாதிரி, அது கேட்குமா?"

நல்ல கேள்வி. அவரைக் குறை சொல்ல முடியாது. விஞ்ஞானிகளே முதலில் அந்தப் பக்கம்தான் போனார்கள்.

கைனேஸ் என்பது செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டும் நொதி. ஒட்டினால் அந்தப் புரதத்தின் வேலை மாறும், சுவிட்சைத் தட்டியது மாதிரி. மனித உடலில் இப்படி 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. டிஎம்பிகே அதில் ஒன்று. செரின், திரியோனின் என்ற அமினோ அமிலங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும் வகை. எலும்புத் தசையிலும் இதயத்திலும் அதிகம். இதற்கான மரபணு 19-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது 1992-ல். அதே வருடம்தான் புரதங்களின் மேல் பாஸ்பேட் ஏறி இறங்கும் முறையைக் கண்டுபிடித்ததற்காக எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். கைனேஸ்களுக்கு அப்படியொரு மவுசு இருந்த நேரம். தசைநோய்க்கான மரபணுவைத் தேடிப் போனால் அங்கே ஒரு கைனேஸ் உட்கார்ந்திருக்கிறது. திருடன் கிடைத்துவிட்டான் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்?

ஆனால் பிழை கைனேஸுக்கான வரிகளில் இல்லை. புரதத்துக்கான செய்தி முடிந்து, முற்றுப்புள்ளியும் வைத்த பிறகு, மரபணுவில் ஒரு வால் தொடர்கிறது. அந்த வாலில் சி-டி-ஜி என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வரும். எல்லாருக்கும் வரும், 5 முதல் 34 தடவை வரை இருந்தால் சிக்கல் இல்லை. 50-ஐத் தாண்டினால் நோய். நம் நோயாளியிடம் ஒரு பிரதியில் 12, இன்னொன்றில் ஏறத்தாழ 500. அம்மாவிடம் 90. தங்கையிடம் 600-க்கு மேல். பிறவி வடிவத்தில் வழக்கமாக ஆயிரத்தைத் தாண்டும். தாய் வழியாக வரும்போதுதான் இப்படித் தாவும், தந்தை வழியில் அது மிக அபூர்வம். ஒவ்வொரு தலைமுறையிலும் நகலெடுக்கும்போது அந்த மூன்றெழுத்து வழுக்கி நீள்கிறது. பென்ரோஸ் நம்பாத விஷயத்துக்கு இதுதான் விளக்கம்.

சரி, புரதத்தில் பிழையில்லை என்றால் உடம்பில் எதனால் இத்தனை கோளாறு? எலிகளில் டிஎம்பிகே மரபணுவை அடியோடு நீக்கிப் பார்த்தார்கள், 1996-ல். எலிகளுக்கு வயதான பிறகு கொஞ்சம் தசைப் பலவீனம் வந்தது, அவ்வளவுதான். இந்த நோய் வரவில்லை. 2000-ல் இன்னொரு ஆய்வு. சம்பந்தமே இல்லாத ஆக்டின் மரபணுவின் வாலில் நீளமான சி-டி-ஜி தொடரை ஒட்டினார்கள். அந்த எலிகளுக்கு மயோட்டோனியா வந்தது. அடுத்த வருடம், இதே நோயின் இரண்டாம் வகைக்குக் காரணம் 3-ஆம் குரோமோசோமில் வேறொரு மரபணுவில் நீளும் சி-சி-டி-ஜி தொடர் என்று தெரிந்தது. அந்த மரபணு கைனேஸே இல்லை.

ஆக, விஷம் புரதம் அல்ல, ஆர்என்ஏ. மரபணுவிலிருந்து நகலாகும் ஆர்என்ஏவின் நீண்ட வால் தன்மேல் தானே மடிந்து, கொண்டை ஊசி போல செல்லின் உட்கருவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மசில்பிளைண்ட் என்ற புரதம் அதில் போய் ஒட்டிக்கொண்டு வெளியே வருவதில்லை. பழ ஈயில் முதலில் கண்டுபிடித்ததால் வந்த விசித்திரப் பெயர் அது.

இதை மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். பொறியியல் தம்பி தலையாட்டினார். அதுவரை தூங்குகிறார் என்று நான் நினைத்த நோயாளி பேசினார்.

"அறுந்து போன வலை மாதிரியா சார்? அடியில கல்லுல மாட்டிக்கிட்டுக் கெடக்கும். நம்ம கைக்கு வராது. ஆனா மீனு மட்டும் போய் மாட்டிக்கிட்டே இருக்கும்."

அதுதான். அதன் பிறகு எந்தக் குடும்பத்துக்கும் நான் கொண்டை ஊசியைச் சொல்வதில்லை.

மாட்டிக்கொண்ட மசில்பிளைண்டின் வேலை என்ன என்று பார்த்தால் மீதியும் புரிந்துவிடும். கருவில் இருக்கும்போது தசைக்கு ஒருவிதப் புரதங்கள் வேண்டும், பிறந்து வளர்ந்ததும் வேறுவிதம். ஒரே மரபணுச் செய்தியை வேறு மாதிரி வெட்டி ஒட்டி இந்த மாற்றத்தை நடத்தும் கங்காணி மசில்பிளைண்ட். அது வலையில் கிடந்தால், வளர்ந்த ஆளின் தசையில் சிசுவுக்கான புரதங்கள் உருவாகிக்கொண்டே இருக்கும். சுருங்கிய தசையை அமைதிப்படுத்தும் குளோரைடு வாயில் ஒழுங்காக உருவாகாது, அதனால் கை விடாது. இன்சுலின் ஏற்பியும் சிசு வடிவத்தில் இருக்கும், அதனால் சர்க்கரை ஏறும். இதயத்தில் மின்னோட்டம் தாமதமாகும், அதனால் அந்த 220. ஒரு மரபணுவின் வால் நீண்டதற்குக் கண்ணும் கையும் பித்தப்பையும் இதயமும் கட்டுப்பட்டது இப்படித்தான்.

"அப்போ என்னாலயா?"

தங்கை கட்டியிருப்பது அத்தை மகனை. குழந்தை போனபோது 'சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்' என்று ஊரே சொல்லியிருக்கிறது. மருத்துவர் ஒருவரும் அதையே சொன்னாராம். ஏழு வருடமாகக் கணவன் வீட்டில் அது ஒரு முள்ளாகவே இருந்திருக்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. உறவுத் திருமணத்தால் அதிகமாவது, இரண்டு பக்கமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வரும் நோய்கள். இது அப்படியல்ல, ஒரு பிரதி பழுதானாலே போதும். யாரைக் கட்டியிருந்தாலும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். அத்தை அப்பாவின் பக்கம், நோயோ அம்மாவின் பக்கத்திலிருந்து வந்தது. சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அழுத்தமாகச் சொன்னேன்.

மருமகனின் முகம் தெளிந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தார். "அப்போ என்னாலயா அய்யா?"

ஒரு பழியை நீக்கிய கையோடு இன்னொருவர் மடியில் போட்டிருந்தேன். அவர் அம்மாவிடமிருந்து அவருக்கு வந்தது, அந்தக் கிழவிக்கு வேறு யாரிடமிருந்தோ வந்தது, யாரும் கேட்டு வாங்கியதில்லை என்றெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். அவர் அதை ஏற்றுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த இரண்டு தடவையும் அவர் வரவில்லை. இப்போது இப்படிப்பட்ட குடும்பங்களோடு பேசும்போது, எதனால் வரவில்லை என்று சொல்வதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்பதை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை அறையைச் சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கையின் மகள் கதை தனி. பள்ளியில் 'மந்தம்' என்று முத்திரை குத்திக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். சிரிப்பு முகத்துக்கு வராது, பேச்சு மூக்கால் வரும், மதியம் தூங்கிவிடுவாள். அறிகுறி இல்லாத குழந்தைக்கு இந்தப் பரிசோதனையைச் செய்வதில்லை, பெரியவளான பிறகு அவளே முடிவெடுக்கட்டும் என்று விடுவதுதான் முறை. இவளுக்கு அறிகுறிகள் இருந்ததால் பெற்றோர் சம்மதத்தோடு செய்தோம். இருந்தது. பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். முதல் வரிசைக்கு மாற்றினார்கள், அதற்கு மேல் என்ன நடந்தது என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

செய்ததும் செய்யாததும்

நோயை மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதை எழுதும்போது இல்லை. ஆர்என்ஏ வாலைக் குறிவைக்கும் மருந்துகள் மனிதர்களில் சோதனையில் இருக்கின்றன. கை இறுக்கத்துக்கு மெக்ஸிலெட்டின் என்ற மாத்திரை உதவும், ஆனால் இதயத்தின் மின்கடத்தல் ஏற்கெனவே மந்தமானவருக்கு அதைக் கொடுக்கத் துணிவு வரவில்லை. கணுக்காலுக்குப் பிளாஸ்டிக் தாங்கி செய்து கொடுத்தோம். மணலில் பத்து அடி நடந்தால் உள்ளே மணல் புகுந்து அறுக்கும். அது இப்போது வீட்டில் ஆணியில் தொங்குகிறது.

உயிரைக் காப்பது ஈசிஜிதான். இந்த நோயில் தசைப் பலவீனத்தைவிட நெஞ்சுக்குள் மின்தடை வந்து திடீரென்று விழுந்து போகிறவர்களைப் பற்றித்தான் பயம். பிஆர் 240-ஐயோ, கீழறைகளுக்குள் மின்னோட்டம் பரவ ஆகும் நேரமான கியூஆர்எஸ் 120-ஐயோ தொட்டால் ஆபத்து அதிகம். வருடம் ஒரு தடவை வரச் சொல்லியிருந்தேன். 2020-ல் ஊரடங்கு, வரவில்லை. 2021-ல் பிஆர் 232. 2022-ல் பிஆர் 252, கியூஆர்எஸ் 124, துறைமுகத்தில் ஒருமுறை கண் இருட்டி உட்கார்ந்திருக்கிறார். பேஸ்மேக்கர் வைத்தார்கள், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, தூக்க ஊசி இல்லாமல். அறுவை அரங்குக்குள் போவதற்கு முன்னால் அவரே கார்டை எடுத்து மயக்கவியல் மருத்துவரிடம் நீட்டியிருக்கிறார்.

அந்தக் கார்டைச் சொல்ல மறந்துவிட்டேன். ஓட்டுநர் உரிம அளவு. ஒரு பக்கம் நோயின் பெயர். மறுபக்கம்: சக்சினைல்கோலின் கூடாது. நியோஸ்டிக்மின் தவிர்க்கவும். ஓபியாய்டு, தூக்க மருந்துகளைக் குறைந்த அளவில், கண்காணிப்போடு மட்டும். உடம்பு குளிரவும் நடுங்கவும் விடக்கூடாது. அறுவைக்குப் பின் ஒருநாளாவது மூச்சைக் கவனிக்கவும். வலை தைக்கும் நைலானில் ஓரத்தைத் தைத்து, உப்புத்தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார்.

தம்பி

நோயாளிக்கு ஒரு தம்பி உண்டு. 26 வயது, கடலுக்குப் போகிறவர். 2019-ல் எல்லாருக்கும் பரிசோதனை பற்றிச் சொன்னபோது "எனக்கு வேணாம் சார்" என்றார். அடுத்த வருடமும் அதே பதில். அந்த உரிமை அவருக்கு உண்டு. தெரியாமல் இருக்கும் உரிமையை மதிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதை மதிப்பது எவ்வளவு சிரமம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

பேஸ்மேக்கர் வைத்த வருடம் அவருக்குப் பெண் பார்த்தார்கள், பரங்கிப்பேட்டைப் பக்கம். பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா என்று அண்ணன் என்னிடம் கேட்டார். தம்பிக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதபோது எதைச் சொல்வது? குடும்பத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள், அதுதான் நல்லது என்றேன். சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால், அண்ணனை ஈசிஜிக்குக் கூட்டிக்கொண்டு தம்பியும் வந்தார். பரிசோதனை வேண்டாம், சரி. ஆனால் நாளைக்கே குடல்வால் வெடித்து ராத்திரி ஆப்பரேஷன் என்றால்? அதற்காக அவருக்கும் ஒரு கார்டு தயாராக வைத்திருந்தேன். நோயின் பெயருக்குக் கீழே 'குடும்பத்தில் உண்டு, இவருக்குப் பரிசோதிக்கப்படவில்லை' என்று போட்டு, மீதியெல்லாம் அண்ணனின் கார்டில் உள்ளபடியே. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் கையெழுத்து வேண்டும் என்று என் பேனாவைக் கொடுத்தேன். குனிந்து போட்டார். நிமிர்ந்து பேனாவை என் பக்கம் நீட்டினார்.

நான் கை நீட்டவில்லை. "மேசையில வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.